ஆல்ஃபி விழும்போது ஒரு மங்களம்

என் அண்ணைக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வேறு இருக்கிறது, அது பிறகு வரும். கோயிலில் எல்லோரும் சேர்ந்து தேவாரம் பாடும்போதுகூட அவர் வாயை மட்டும்தான் அசைப்பார். அப்படிப்பட்ட ஜீவரத்தினம் பத்மநாதனைத்தான் உலகத்தில் ஒரு ஐயாயிரம் பேர் பெரிய இசையமைப்பாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். ஏனென்று எனக்குத் தெரியாது.

அவர்கள் கொண்டாடுவது ‘லாடர் ஆல்ஃபி’ என்ற கொம்பியூட்டர் விளையாட்டின் இசையை. 1986இல் கசெட்டில் வந்தது. கொம்பியூட்டரை வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி, கசெட்டைப் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஆல்ஃபி வருவான். அவன் ஜன்னல் துடைக்கிறவன். ஏணியில் ஏறி ஒரு பெரிய கட்டடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். புறாக்கள் வந்து முட்டும். முட்டினால் விழுந்து சாவான். மூன்று தரம் செத்தால் ஆட்டம் முடிந்தது. கதை இவ்வளவுதான். அதற்கு இசை போட்டது நான்.

நான் லண்டனுக்கு வந்தது 1985இல், இருபத்திமூன்று வயதில். யாழ்ப்பாணத்தில் வீணை படித்திருந்தேன், ஏ லெவலில் கணக்கும் படித்திருந்தேன். அண்ணை எனக்கு முன்பே படிக்க வந்தவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லூயிஷாமில் ஒரு சின்னக் கம்பனியில் இருந்தார். சந்தைக்குப் பக்கத்தில், சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டு அறைக் கம்பனி. விளையாட்டுகளைக் கசெட்டில் பதிந்து கடைகளுக்கு அனுப்புவார்கள். அண்ணையின் வேலை கசெட் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவது. ஒரு நாள் அங்கே இசை போடுகிற பொடியன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பனிக்குப் போய்விட்டான். முதலாளி டெரெக் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது, என்னிடம் தாருங்கள், செய்து தருகிறேன் என்று அண்ணை கூசாமல் சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே ஒரு கொமடோர் 64 கொம்பியூட்டர் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இசை போடப் போவது நான் என்று டெரெக்கிடம் சொல்ல முடியாது. என் அகதிக் கேஸ் ஹோம் ஒஃபிஸில் கிடந்தது. முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதனால் ஒப்பந்தத்தில் அண்ணை கையெழுத்து வைத்தார். கசெட் அட்டையிலும் அவர் பெயரே வந்தது. டெரெக் சாகும்வரை அண்ணைதான் இசை போட்டார் என்று நம்பினார்.

அந்தக் கொம்பியூட்டருக்கு மூன்று குரல். ஒரே நேரத்தில் மூன்று சத்தம்தான் வரும், நாலாவது வராது. மற்ற இசையமைப்பாளர்கள் மூன்றையும் பிழிந்து வேலை வாங்கினார்கள். நான் முதல் வேலையாக ஒரு குரலைச் சுருதிக்குக் கொடுத்துவிட்டேன். தம்புரா மாதிரி அது ஸா பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் பாட்டு, மூன்றாவதில் தாளம். ஆல்ஃபி புறாவில் முட்டுப்படுகிற சத்தத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்றபோதும் தாளத்தைத்தான் நிறுத்தினேன், சுருதியைத் தொடவில்லை. மூன்றில் ஒரு பங்கை ஒரே சத்தத்துக்கு வீணாக்குகிறாயே என்று டெரெக் அண்ணையை ஏசினார். அண்ணை அதை வந்து என்னிடம் சொன்னார். சுருதி இல்லாமல் பாட எனக்கென்ன விசரா என்று கேட்டேன். அண்ணை அதைப் போய் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ தெரியாது, டெரெக் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஸ்வரங்களை ஸ்வரங்களாக அதற்குள் எழுத முடியாது. ஒவ்வொன்றையும் இலக்கமாக்க வேண்டும். சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் இலக்கங்களைப் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றுவேன். அண்ணை காலையில் வேலைக்குப் போனதும் தொடங்கினால் அவர் வரும்வரை அதே வேலைதான். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

டெரெக் கடைசியாகக் கேட்டது, ஆல்ஃபி மூன்றாவது தரம் செத்ததும் வருகிற இசை. செத்தவீடு மாதிரிச் சோகமாக இருக்க வேண்டும் என்றாராம். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முகாரியில் ஒரு வரி போட்டு, தாளத்துக்கு வைத்த குரலைப் பறை மாதிரி அடிக்கவிட்டேன். நன்றாகவே வந்தது. ஆனால் அது சரியா என்று பார்ப்பதற்கு ஆல்ஃபியைச் சாகடிக்க வேண்டும். அன்று பகல் முப்பது தரம் சாகடித்திருப்பேன். முப்பது தரமும் அந்த அறையில் செத்தவீட்டுப் பறை கேட்டது.

அண்ணையின் மனைவி சுசிலா அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்து பிள்ளைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது ஊசியும் நூலும்தான் கட்டிலில் கிடந்தன. கதவு திறந்திருந்தது. அண்ணி வெளியே மாடிப்படியில், ஜனவரிக் குளிரில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குளிருது, உள்ளே வாங்கோ என்றேன். “முடிஞ்சுதே?” என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் பகல் முழுக்கச் செத்தவீட்டு மேளம் போட்டவள் நான். என் புத்தியை எங்கே அடகு வைத்தேனோ தெரியவில்லை. வெட்கத்தில் முகத்தைத் தூக்க முடியவில்லை. கொம்பியூட்டரை அப்படியே நிறுத்தினேன். பதிந்து வைக்காதபடியால் எல்லாம் அழிந்தது. கொப்பியில் அந்தப் பக்கத்தையும் கிழித்தேன். பிறகு அதே இடத்துக்கு மத்யமாவதியில் ஒரு மங்களம் போட்டேன். கச்சேரியை மங்களம் பாடித்தான் முடிப்போம். பாடினதில் குறை ஏதும் இருந்தால் அதோடு போகட்டும் என்று. பதினாறு வினாடி. அண்ணி அதை அடுத்த இரண்டு நாளில் நூறு தரம் கேட்டார். தொப்பியையும் பின்னி முடித்தார்.

டெரெக் துள்ளினாராம். செத்தவனுக்குக் கலியாண மேளமா என்று கேட்டாராம். ஆனால் திங்கட்கிழமை கசெட் போயாக வேண்டும், மாற்ற நேரமில்லை. விளையாட்டு வந்ததும் ஒரு பத்திரிகை, இசையமைப்பாளருக்கு விளையாட்டு விளங்கவில்லை போலிருக்கிறது என்று எழுதியது. ஆனால் இங்கிலாந்துப் பொடியன்கள் அந்த இசையைக் கேட்பதற்கென்றே ஆல்ஃபியைத் தள்ளி விழுத்தினார்கள். அண்ணிக்கு மார்ச் மாதம் சுகமாகப் பெண்பிள்ளை பிறந்தது. துஷ்யா என்று பெயர் வைத்தார்கள்.

மொத்தம் ஆறு விளையாட்டுக்கு இசை போட்டேன். பிறகு டெரெக் கம்பனியை மூடினார். எனக்கு விசா கிடைத்தது, கலியாணம் நடந்தது, கோலியர்ஸ் வுட்டுக்கு வீடு மாறினோம், ஒரு ஆஸ்பத்திரி லாபில் இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தேன். வீணை மேல்மாடியில் உறைக்குள் இருந்தது. ஆல்ஃபியை நான் மறந்தே போனேன்.

2009இல் ஒரு ஜெர்மன்காரர் அண்ணையைத் தேடிப் பிடித்துவிட்டார். கசெட் அட்டையில் இருந்த பெயரை வைத்து இணையத்தில் தேடியிருக்கிறார். லாடர் ஆல்ஃபி பத்மநாதன் நீங்கள்தானா என்று கேட்டு நாலு பக்கத்தில் மின்னஞ்சல். அண்ணை எனக்குப் போன் எடுத்து, என்ன பதில் எழுத என்று கேட்டார். நீங்கள்தான் என்று எழுதுங்கோ என்று நானே சொன்னேன். ஹோம் ஒஃபிஸுக்கு நான் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தவள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மேசை லாச்சிக்குள் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஆக, தொடக்கி வைத்தவள் நான்தான். அதை ஒளிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பேட்டிகள் வந்தன. ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் அண்ணை போன் எடுப்பார். ஏன் ஒரு குரல் எப்போதும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது, இலக்கங்களை எப்படிக் கணக்கிட்டீர்கள், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லுவேன். அவர் அதை மனனம் செய்து ஒப்பிப்பார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒரு பேட்டியில், “எனக்குள்ளே எப்போதும் ஒரு சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது” என்று தன் பாட்டுக்குச் சேர்த்துவிட்டார். நான் ரிமோட்டை சோபாவில் எறிந்தேன். அவருக்குள்ளே சுருதியாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் என்னிடம் பதில் கேட்டதில்லை. ஆல்ஃபி செத்ததும் ஏன் சந்தோஷமான இசை வருகிறது? ரசிகர்களுக்குள் இதற்கு நாற்பது வருடச் சண்டை. தொழிலாளி செத்தால் முதலாளிகள் கொண்டாடுவார்கள் என்று அந்தக் காலத்து அரசாங்கத்தைக் கிண்டல் செய்கிறார் என்று ஒருவர் நீளமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார். மறுபிறப்புத் தத்துவம் என்று இன்னொருவர். அண்ணை ஒவ்வொரு தரமும் சிரித்துக்கொண்டு, அது ரகசியம் என்று சொல்லிவிடுவார். காரணத்தை மறந்துவிட்டார், அதனால்தான் மழுப்புகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் சுசிலா அண்ணி போய்விட்டார். அண்ணை விம்பிள்டன் வீட்டில் தனியாகிவிட்டார். தாடி வழிப்பதை நிறுத்தினார், வெள்ளிக்கிழமைக் கோயிலையும் நிறுத்தினார். அவரை எழுப்பி உட்கார வைத்தது ரசிகர்களின் கடிதங்கள்தான். துஷ்யா எனக்குப் போன் எடுத்து, அப்பா இன்றைக்கு ஒரு பேட்டிக்காகச் சேர்ட் அயர்ன் பண்ணினார் மாமி என்று சந்தோஷமாகச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு அது பெருமை, எங்கள் அப்பா கொம்பியூட்டர் விளையாட்டுக்கு இசை போட்டவர் என்று. அவளிடம் நான் எதைச் சொல்ல?

இந்த வருடம் மார்ட்டின் என்றொரு ஆள் வந்தார். சின்ன இசைத்தட்டுக் கம்பனி வைத்திருக்கிறார். ஆறு விளையாட்டின் இசையையும் ஒரு பெரிய கறுப்பு இசைத்தட்டில் போடப் போகிறார். உள்ளே ஒரு புத்தகம், இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாற்றோடு. விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரம் கூட்டம் வைத்து, அங்கேயே உரிமைப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்புவதாகத் திட்டம். எனக்கு அறுபத்திமூன்று வயது. அண்ணி போன பிறகு உண்மையை அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், என்னைக் கட்டினவருக்குக்கூட நான் சொன்னதில்லை. அச்சில் ஏறிவிட்டால் ஏறினதுதான், நாங்களும் போய்விட்டால் அந்தச் சதுரக்கோட்டுக் கொப்பிகளை எழுதியவள் என்று ஒருத்தி இருக்கவே மாட்டாள். பஸ் பிடித்து அண்ணை வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. இனி எனக்கு ஒருத்தரிட்டையும் பயமில்லை.”

அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“பாப்பம்,” என்றார்.

எங்கள் குடும்பத்தில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அப்பா எனக்கு அப்படித்தான் சைக்கிள் வாங்கித் தந்தார். நான் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு கிழமை பேசவில்லை.

கூட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். துஷ்யா காரோடு வாசலில் வந்து நின்றபடியால் போனேன். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது, எல்லோரும் கறுப்பு ரீசேர்ட், பலரின் வயிற்றில் ஆல்ஃபி ஏணியோடு நின்றான். நானும் துஷ்யாவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். மேடையில் இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, அதில் படிவம். பக்கத்தில் ஒரு கீபோர்ட். அண்ணை கோட் போட்டிருந்தார். பேட்டி எடுத்தவர் மார்ட்டின்தான்.

சுருதியைப் பற்றிக் கேட்டார். நான் 2009இல் சொல்லிக்கொடுத்த பதிலை அண்ணை ஒப்பித்தார். கணக்கைப் பற்றிக் கேட்டார், அதற்கும் ஒப்பித்தார். எழும்பிக் கத்தலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மார்ட்டின் அந்தக் கேள்வியைக் கேட்டார். மண்டபமே முன்னுக்குச் சாய்ந்தது. அண்ணை வழக்கம்போல, அது ரகசியம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரகசியத்தைச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, அந்தப் பதினாறு வினாடியை ஒரு தரம் வாசித்தாவது காட்டுங்கள் என்று மார்ட்டின் கீபோர்டைக் காட்டினார். இதற்கு முன்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை விரலில் வாதம் என்று சொல்லித் தப்பியிருக்கிறார்.

அன்று அவர் எழும்பிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் போனார். பிறகு ஒலிவாங்கியில், என் தங்கச்சி வாசிப்பாள் என்று ஆங்கிலத்தில் சொல்லி மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

நான் அசையவில்லை. பேருக்கு அவர், வாசிக்க மட்டும் நானா என்று வந்தது. துஷ்யா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். அவளுக்காகத்தான் போனேன். மேடையில் ஏறினதும் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“சும்மா நிக்காதேங்கோ. சுருதியைப் பிடியுங்கோ. மூண்டு கறுப்புக் கட்டை சேர்ந்து நிக்குதெல்லோ, அதில நடு.”

அவர் சுட்டுவிரலை அந்தக் கட்டையில் வைத்து அமத்தினார். ஸா வந்தது. மத்யமாவதிக்கு ஐந்தே ஸ்வரம், அந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஐந்தும் கறுப்புக் கட்டைகள்தான். நாற்பது வருடமாகத் தொடாத பாட்டு விரலில் அப்படியே இருந்தது. பதினாறு வினாடி முடிந்ததும் இருநூறு பேரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். ஒரு தடித்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் கையை எடுத்துவிட்டேன். அண்ணை விரலை எடுக்கவில்லை. கைதட்டல் அடங்கும்வரை சுருதி நின்றது.

பிறகு அவர் அப்படியே நின்றுகொண்டு பேசினார். ஒரு ஜனவரி மாதம், ஒற்றை அறை, தன் மனைவிக்கு ஏழு மாதம் என்று தொடங்கினார். அண்ணி குளிரில் மாடிப்படியில் நின்றதைச் சொன்னார். கிழித்த பக்கத்தைச் சொன்னார். அண்ணி அன்றைக்கே அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். கமலம் என்ர பிள்ளைக்காக இண்டைக்குத் தன்ர பாட்டை அழிச்சவள் என்றாராம். அது எனக்குத் தெரியாது. மற்ற எல்லாப் பதிலையும் தங்கச்சியிடம் வாங்கிச் சொன்னேன், இந்த ஒன்றை மட்டும் என்னுடையது என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை, அதனால்தான் ரகசியம் என்றேன் என்றார்.

“இந்த ஆறு விளையாட்டுக்கும் இசை போட்டவள் இவள். நான் கசெட் பெட்டி காவினவன்.”

அதைச் சொல்லும்போது அவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை, துஷ்யாவைத்தான் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி மேடைக்கு வந்தாள். அப்பாவிடம் போவாள் என்று நினைத்தேன். என்னிடம் வந்து, “அந்தத் தொப்பி இன்னும் என்னட்ட இருக்கு மாமி,” என்றாள். எனக்கு அதற்குமேல் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ட்டின் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் படிவத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை அவரிடமிருந்து இரண்டையும் வாங்கினார். இசையமைப்பாளர் என்ற இடத்தில் ஜீவரத்தினம் பத்மநாதன் என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

“கோவமோடி?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம்,” என்றேன். “நாப்பது வருசக் கோவம். ஒரு பின்னேரத்தில போகாது.”

தலையை ஆட்டினார். குனிந்து, ஜீவரத்தினம் என்பதை மட்டும் ஒரு கோட்டால் வெட்டினார். அதற்கு மேலே என் பெயரை எழுதினார். கலியாணத்துக்குப் பிறகு வந்த பெயரை அவர் சேர்க்கவில்லை. அந்தப் பாட்டுகளைப் போட்டபோது நான் பத்மநாதனின் மகள் மட்டும்தான். அப்பாவின் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று, அதை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கமலாம்பிகை பத்மநாதன். நின்றபடியே குனிந்து எழுதினதால் எழுத்து மேலும் கீழுமாக இருந்தது. வாசிக்க விளங்குகிறதா என்று மார்ட்டினிடம் கேட்டேன். விளங்குகிறது என்றார். நான் கையெழுத்து வைத்தேன்.